குடுவையில் வளரும் புல்

சென்னைக்குத் தெற்கே கேளம்பாக்கத்தைச் சூழ்ந்த ஊர்களில் வீடுகளும் அலுவலகங்களும் பெருகப் பெருக, மாடுகள் மேயும் வெளிகள் சுருங்கிவிட்டன. சிறு நிலத்தில் மிகுந்த பசுந்தீவனம் விளைவித்தாலன்றி, இத்தகைய இடங்களில் கறவை மாடுகளைப் பேணுதல் அரிது. இத்தேவைக்கு ஏற்ற பயிர்களுள் ஒன்று கம்பு-நேப்பியர் ஒட்டுப்புல். கம்பையும், ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட நேப்பியர்ப் புல்லையும் இணைத்து, 1953ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் இவ்வொட்டு உருவாக்கப்பட்டது. நட்ட 75 நாள்களில் இப்புல்லை முதன்முறை அறுக்கலாம். பின்னர் ஏறத்தாழ 45 நாள்களுக்கு ஒருமுறை அறுக்கலாம்.

இத்துணைச் சிறப்புடைய புல்லுக்கு ஒரு குறையும் உண்டு. இது முளைக்கும் விதையைத் தருவதில்லை. கம்பின் உயிரணுவில் 14 குரோமோசோம்களும், நேப்பியரில் 28 குரோமோசோம்களும் உள்ளன. ஒட்டுப்புல்லில் இருப்பவை 21. அவை இணை இணையாகப் பொருந்தாமையால் விதை உண்டாவதில்லை. ஆகவே உழவர்கள் தண்டுக் கரணைகளையே வெட்டி நடுகின்றனர். புதிய ரகம் ஒன்று தோன்றினால், அதன் சில தூர்களிலிருந்து பல ஏக்கருக்கு வேண்டிய கரணைகளைப் பெருக்கக் காலம் பிடிக்கும். அக்காலத்தைக் குறைக்க வல்லது திசு வளர்ப்பு முறை.

நுண்ணுயிர் நீக்கிய குடுவையில், சர்க்கரையும் உப்புச் சத்துகளும் கலந்த கூழின்மேல் செடியின் சிறு துண்டொன்றை வைப்பர். உணவு மட்டும் இருந்தால் போதாது. அத்துண்டு வேராவதா, தளிராவதா என்பதை வளர்ச்சி ஊக்கிகளே முடிவு செய்கின்றன. அமெரிக்க அறிஞர்களாகிய ஸ்கூக், மில்லர் என்போர் 1957இல் புகையிலைத் திசுவைக் கொண்டு இதனை விளக்கினர். ஆக்ஸின் மிகுந்தால் வேர் தோன்றியது. சைட்டோகைனின் மிகுந்தால் தளிர் தோன்றியது. இரண்டும் ஒத்திருந்தால் உருவற்ற திசுத்திரளே வளர்ந்தது.

புல்லினங்களோ இம்முறைக்கு எளிதில் இணங்கவில்லை. டெல்லியில் பயின்று, புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் ஆய்ந்த இந்திர வாசில், விமலா வாசில் முதலியோர் 1980களில் அதற்கு வழி கண்டனர். கம்பு, நேப்பியர் ஆகியவற்றின் இளம்பகுதிகளை 2,4-டி என்னும் ஆக்ஸின் வகை ஊக்கி கலந்த கூழில் அவர்கள் வளர்த்தனர். அத்திசுவில் விதையின்றியே கருக்கள் உருவாயின.

இந்த 2,4-டி எது? வயலில் அகன்ற இலைக் களைகளைக் கொல்லத் தெளிக்கப்படும் மருந்தே அது! குடுவையிலோ, லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் போன்ற நுண்ணிய அளவில் அதுவே கருவைத் தோற்றுவிக்கிறது. ஆயினும் கரு தோன்றியபின் அதனைக் குறைத்தல் அல்லது நீக்குதல் வேண்டும். இன்றேல் கரு முளைத்துச் செடியாகாது. திசுத்திரளாகவே நெடுநாள் வைத்திருந்தால், பிறக்கும் கன்றுகள் தாய்ப்பயிரின் இயல்பினின்று மாறுபடவும் கூடும். எனவே, குடுவையில் பிறந்த கன்றுகளை வயலில் நட்டு ஆராய்ந்த பின்னரே உழவர்க்கு அளித்தல் முறையாகும்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர் பெரியோர். அளவறிந்து பயன்படுத்தினால் நஞ்சும் உயிர் வளர்க்கும் என்பதற்கு இக்குடுவைப் புல்லே சான்று.