எழுதி வாங்குவதற்கு முன்

மகளுக்குப் பெரியப்பா எழுதுவது.

தாம்பரம் காவல் ஆணையரக எல்லைக்குள் ஒரு மகளிர் காவல் நிலையத்தில் நீ உதவி ஆய்வாளராகப் பொறுப்பேற்ற செய்தி அறிந்து பரம சந்தோஷம். நீதிமன்றக் குமாஸ்தாவாக உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில், நீ கேளாமலே ஒரு விஷயம் சொல்லுகிறேன்.

நியூசிலாந்து தேசத்தில், 2010 முதல், அடிதடி நடந்த வீட்டுக்குச் செல்லும் போலீஸ் அதிகாரியே, வீடு அடித்தவனுக்குச் சொந்தமானாலும், அவனை அங்கிருந்து வெளியேற்றி உத்தரவிடலாம். ஐந்து நாள் வரை என்றிருந்த அவ்வுத்தரவின் ஆயுள் 2019-இல் பத்து நாளாயிற்று. நமது 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டமோ அந்த அதிகாரத்தை மாஜிஸ்திரேட்டிடமே வைத்தது. ஆதலால், பெருங்களத்தூரிலோ சேலையூரிலோ நள்ளிரவில் 100-க்குப் பேசிய ஒரு பெண்ணுக்கும், அவளுக்கு நீதிமன்றம் தரக்கூடிய பாதுகாப்பு உத்தரவுக்கும் நடுவே கிடக்கும் நாட்கள் பெரும்பாலும் உன் பொறுப்பிலேயே கழியும்.

அந்நாட்களைக் கடத்தச் சம்பிரதாயமாக ஒரு வழி உண்டு. இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, 'இனி கை நீட்ட மாட்டேன்' என்று அவனிடம் எழுதி வாங்கிக்கொண்டு, அவளை 'கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இரும்மா' என்று கிளாம்பாக்கத்தில் பஸ் ஏற்றிவிடுவது. அடித்தவன் வீட்டில் உறங்க, அடிபட்டவள் பிள்ளைகளின் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போவது என்ன நியாயமோ! கூடி வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமையை அந்த 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அவளுக்குத் தருகிறது; வீடு மாமனார் பெயரில் இருப்பதாலேயே அது அற்றுப்போகாது என்று 2020-இல் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிற்று. 19-ஆம் பிரிவின்படி வெளியேற்றத்தக்கவன் அவனேயன்றி அவளல்லள். மேலும், நிலையத்தில் எழுதிக் கொடுத்த காகிதத்தை மீறியதற்கென்று தண்டனை ஏதுமில்லை. மாஜிஸ்திரேட்டின் பாதுகாப்பு உத்தரவை மீறினாலோ ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீன் உரிமையில்லாத குற்றம் அது.

ஆகவே நீ எழுத வேண்டியது வேறு. மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடு, காயமிருந்தால் குரோம்பேட்டை அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பு, குற்றம் தெரிந்தால் எப்.ஐ.ஆர். போடத் தயங்காதே. அச்சட்டப்படியான பாதுகாப்பு அலுவலரைப் பற்றியும், வருமானம் பாராமல் கிடைக்கும் இலவச வக்கீல் உதவியைப் பற்றியும் அவளுக்குச் சொல்வது 5-ஆம் பிரிவு உன்மேல் சுமத்தியிருக்கும் கடமை, தயவு அன்று. அவசரமாயின், பாதுகாப்பு அலுவலர் போலீஸ் துணையோடு ஸ்தலத்துக்கே போய் அறிக்கை பதிந்து, தாமதமின்றி மாஜிஸ்திரேட்டிடம் சேர்க்க அச்சட்டத்தின் 2006-ஆம் ஆண்டு விதிகள் இடங்கொடுக்கின்றன. இதைப் பயன்படுத்துவோர் குறைவு என்பது என் எண்ணம். எதிரியைக் கேளாமலே இடைக்கால உத்தரவு வழங்க 23-ஆம் பிரிவும் இருக்கிறது. முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள் என்கிறது சட்டம். கோர்ட்டுக் கட்டுகளைத் தூக்கியவன் சொல்கிறேன், அதை நம்பி நீ சும்மா இருந்துவிடாதே.

உத்தரவின் நகல் உன் நிலையத்துக்கும் வரும். அதை பீரோவில் பூட்டாமல், இரவுப் பணியில் இருப்பவர் கைக்கு எட்டும்படி வை. அவள் மறுபடி அழைக்கையில், 'காலையில் வாம்மா' என்று சொல்லக்கூடியவர் அதைக் காணாதவரே.

உன் அப்பாவின் முழங்கால் வலி எப்படியிருக்கிறது என்று எழுது.

ஆசிகளுடன்,
பெரியப்பா