ஐப்பசி மழை பிடிக்கும் முன் பழைய டீசல் காரைப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கிவிடும். இலுப்பூர், அன்னவாசல், விராலிமலைப் பக்கம் பழைய டீசல் இண்டிகா, சுமோ, பொலேரோ, அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் அதற்குள் ஒரு காலைப் பொழுதை வண்டிக்கு ஒதுக்கிவிடுங்கள். இண்டிகா 1998 கடைசியில் அறிமுகமான வண்டி. அம்பாசிடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. மெக்கானிக்கல் பம்ப் உள்ள இந்த வண்டிகளுக்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை. ஒரு டெஸ்ட் லேம்ப், ஒரு மல்டிமீட்டர், நாலு ஸ்பானர் இருந்தால் பாதி கோளாறை வீட்டு வாசலிலேயே கண்டுபிடிக்கலாம்.

மழையில் இவை மக்கர் செய்வது பெரும்பாலும் டீசலில் தண்ணீர், லைனில் காற்று, கெட்டுப்போன எர்த் ஆகியவற்றால்தான். "பம்ப் போச்சு" என்று யாராவது சொன்னால் இந்த மூன்றையும் பார்த்த பிறகே பம்பில் கை வைக்க விடுங்கள். கழற்றிய பம்பை மாட்டும்போது டைமிங்கை மறுபடி வைக்க வேண்டும். அது எல்லோருக்கும் சரியாக வருகிற வேலை இல்லை.

தண்ணீரைப் பிரிக்கும் டீசல் பில்டர் என்றால் அடியில் ஒரு திருகு இருக்கும். கீழே பாட்டிலைப் பிடித்துத் திறந்துவிடுங்கள். டீசலைவிடக் கனம் என்பதால் தண்ணீர் முதலில் இறங்கும். சுத்தமான டீசல் வந்ததும் மூடிவிடுங்கள். மழைக்காலம் முழுக்க மாதம் ஒருமுறை இதைச் செய்யலாம். டேங்க்கை அரைக்குக் கீழே போக விடாதீர்கள். காலி இடத்துக் காற்றின் ஈரம்தான் உள்ளே தண்ணீராகப் படிகிறது.

காற்றுக் கோளாறு கொஞ்சம் ஏமாற்றும். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் செல்ப் நீளமாக அடித்தால்தான் பிடிக்கிறது, பிடித்ததும் திணறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பில்டருக்கு மேலே உள்ள கைப்பம்பை அது கெட்டியாகும்வரை அழுத்திவிட்டுச் சாவியைத் திருகுங்கள். உடனே பிடித்தால் எங்கோ காற்று ஏறுகிறது. டேங்க்குக்கும் பம்புக்கும் நடுவே உறிஞ்சும் லைன் என்பதால், ஓஸ் வெடித்திருந்தாலும் வெளியே டீசல் சொட்டாமல் இருக்கலாம். அதனால்தான் பலர் கண்ணுக்கு இது தப்பிவிடுகிறது. பம்புக்கு முன்னால் ஒரு சாண் டீசல் தாங்கும் கண்ணாடி டியூபை மாட்டிப் பாருங்கள். குமிழி ஓடினால் பழைய ரப்பர் ஓஸ், கிளிப், பில்டர் வாஷர் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

செல்ப் நன்றாகச் சுற்றுகிறது, சைலன்சரில் புகையே இல்லை என்றால் டீசல் எஞ்சினுக்குப் போகவில்லை. சாவியை ஆன் செய்யும்போது பம்பில் உள்ள ஸ்டாப் சோலனாய்டு 'டக்' என்று சத்தம் போட வேண்டும். போடாவிட்டால் முதலில் அதன் ஒயரையும் பியூஸையும் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தும் பிடிக்காவிட்டால் ஹீட்டர் பிளக்கைச் சந்தேகிக்கலாம். கறுப்புப் புகைக்கு ஏர் பில்டரில் தொடங்குங்கள். நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. அது ஒரு காலைப் பொழுதில் தீராது.

பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவிலும், எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரையிலும் காட்ட வேண்டும். செல்ப் வெறும் 'டிக்' சத்தத்தோடு நின்றால் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருகுங்கள். வெளிச்சம் அப்படியே மங்கினால் பேட்டரியோ டெர்மினலோ காரணம். மங்காவிட்டால், பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சின் உடம்புக்கு ஒரு ஜம்பர் கேபிள் போட்டு மறுபடி முயலுங்கள். இப்போது செல்ப் சுற்றினால் கோளாறு துருப்பிடித்த எர்த் பட்டையில்தான். செல்ப்பைக் கழற்ற வேண்டாம். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மினுங்குவதும் எர்த் வேலைதான். மழைக்கு வளை நிரம்பினால் வயல் எலிகள் பானெட்டுக்குள் குடியேறும். வாரம் ஒருமுறை திறந்து ஒயரைப் பாருங்கள். எரிந்த பியூஸுக்குப் பதில் கம்பி சுற்றுவது வண்டியையே கொளுத்திவிடும்.

பெல்ட்டை அலட்சியம் செய்யாதீர்கள். பல பழைய டீசல் கார்களில் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்ப் டைனமோவின் முதுகிலேயே இருக்கிறது. அந்த பெல்ட் அறுந்தால் சார்ஜ் நிற்கும், பிரேக் பெடலும் கல்லாகிவிடும். வெடிப்பு தெரிந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, தரைப்பாலம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்தப் பக்கத்தைப் புரட்டிப் போட்டது நினைவிருக்கும். அப்படியொரு புயல் மழையில், தரைப்பாலத்து வெள்ளத்தில் வண்டி நின்றுவிட்டால் சாவியைத் திருகவே கூடாது. 1,400 சிசி எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு 350 சிசி. டீசல் எஞ்சின் அதை இருபதில் ஒரு பங்குக்கு அழுத்துகிறது. மிஞ்சும் இடம் சுமார் 18 மில்லி. அதற்கு மேல் தண்ணீர் உள்ளே புகுந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஏர் பில்டர் நனைந்திருக்கிறதா, ஆயில் பால் நிறமாகியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று ஆம் என்றாலும் தள்ளி ஸ்டார்ட் செய்யாமல், கியரை நியூட்ரலில் வைத்துக் கயிறு கட்டி மெக்கானிக்கிடம் இழுத்துப் போங்கள்.