தேநீர் விற்று உலகு கண்டவர்

'செலவு' என்னும் சொல்லைக் கேட்டவுடன் கையிலுள்ள பொருள் குறைவதே இன்று நம் நினைவிற்கு வருகிறது. பண்டைத் தமிழில் அச்சொல் பயணத்தையும் குறித்தது. 'செல்' என்னும் பகுதியினின்று பிறந்ததாதலின், ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குச் செல்லுதல் செலவு எனப்பட்டது. தலைவன் பொருள் தேடப் புறப்படுதலையும், தலைவியின் வருத்தம் கண்டு அப்பயணத்தை நிறுத்துதலையும் 'செலவு' என்றும் 'செலவழுங்குதல்' என்றும் அகப்பொருள் இலக்கணம் கூறும். கடல் கடந்து செல்வோர் மகளிரை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்பதும் தொல்காப்பியத்தால் அறியப்படும்.

அவ்வழக்கம் மாறி நெடுங்காலமாயிற்று. எனினும், ஏழைக் கணவனும் மனைவியும் தம் உழைப்பால் சேர்த்த பொருளைக் கொண்டு உலக நாடுகள் பலவற்றை ஒருங்கே கண்டு வருதல் இன்றும் அரிதே. அவ்வரிய செயலைச் செய்தவர்கள் கேரள நாட்டுக் கொச்சியில் வாழ்ந்த விஜயன், மோகனா என்னும் இருவராவர்.

விஜயன் இளமையில் தம் தந்தையாருடன் மதுரை, பழனி முதலிய திருப்பதிகளுக்குச் சென்று வந்தவர். ஊர் காணும் வேட்கை அப்பொழுதே அவர் உள்ளத்தில் வேரூன்றியது. தந்தையார் மறைந்தபின் குடும்பச் சுமை அவர்மேல் விழுந்தது, பயணம் தடைப்பட்டது. அவர் தெருத்தெருவாகத் தேநீர் விற்றுப் பிழைத்தார். பின்னர் எறணாகுளம் காந்திநகர்ப் பகுதியில் 'ஸ்ரீ பாலாஜி காப்பி ஹவுஸ்' என்னும் சிறு கடையை நிறுவினார். வேலையாள் எவரும் இல்லை. தேநீர் ஆற்றுதல், பலகாரம் செய்தல், பாத்திரம் துலக்குதல் ஆகிய எல்லாவற்றையும் கணவனும் மனைவியுமே செய்தனர்.

கடை வருவாயில் நாள்தோறும் 300 ரூபாயை அவர்கள் பயணத்திற்கென ஒதுக்கி வைத்தனர். இத்தொகை சிறிதாகத் தோன்றலாம். ஒரு நாளும் தவறாது ஒதுக்கினால் ஓராண்டில் அது 1,09,500 ரூபாயாகும். மூன்றாண்டில் 3,28,500 ரூபாயாகும். சிறு துளி பெரு வெள்ளம் என்னும் பழமொழிக்கு இதனினும் தெளிவான கணக்கு வேண்டுவதில்லை. சேமிப்புப் போதாதபொழுது அவர்கள் வங்கியில் கடன் பெற்றனர். ஊர் திரும்பியதும் மீண்டும் அடுப்பு மூட்டினர். கடன் முழுவதும் தீரும்வரை உழைத்தனர். தீர்ந்தபின் அடுத்த பயணத்தைப் பற்றி எண்ணினர். இவ்வாறு 2007-ஆம் ஆண்டில் இஸ்ரேலுக்குச் சென்றது அவர்தம் முதல் அயல்நாட்டுச் செலவாகும். பின்னர்ச் சிங்கப்பூர், சுவிட்சர்லாந்து, அமெரிக்கா, பிரேசில், அர்ஜென்டினா முதலிய நாடுகளையும் கண்டனர். 2019-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிற்கும் நியூசிலாந்திற்கும் சென்று திரும்பினர். சென்ற இடங்களில் எடுத்த நிழற்படங்கள் கடையின் சுவரை அணிசெய்தன. தேநீர் அருந்த வந்தோர், அச்சுவரின் வாயிலாகவே உலகத்தின் ஒரு பகுதியைக் கண்டனர்.

"கடன் பட்டு ஊர் சுற்றுதல் அறிவுடைமையோ?" என்று சிலர் வினவலாம். அது புறக்கணிக்கத்தக்க வினா அன்று. திருப்பிக் கொடுக்கும் வழி அறியாது வாங்கும் கடன் குடியைக் கெடுக்கும் என்பது உண்மையே. ஆனால் இவர்கள் வாங்கிய கடனுக்கு இவர்தம் உழைப்பே ஈடாக நின்றது. ஒரு கடன் தீருமுன் மற்றொரு பயணத்தை அவர்கள் விரும்பவில்லை. பகட்டான உடைக்கும் அணிகலனுக்கும் பிறர் செலவிடும் பொருளை இவர்கள் காட்சிக்கும் கல்விக்கும் செலவிட்டனர். எனவே, கடனைக் காட்டிலும் கடனை ஆண்ட முறையே இங்கு நோக்கத்தக்கது.

2020-ஆம் ஆண்டில் கொரோனா என்னும் கொள்ளைநோய் உலகெங்கும் பரவியது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் இந்தியாவிற்கும் பிற நாடுகளுக்கும் இடையே வழக்கமாக நிகழ்ந்த வானூர்திப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. நாடெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்டது. மக்கள் வீட்டிற்குள் அடைபட்டிருந்த அந்நாள்களில் சிறு வணிகர் பலர் வருவாயிழந்து வருந்தினர். செலவு என்னும் சொல்லின் பழம்பொருள் உலகத்தினின்றே மறைந்துவிட்டது போலும் என்று கருதும்படி ஊர்கள் வெறிச்சோடின.

இளைஞர்க்கு ஈராண்டுத் தடை பெரிதன்று. எழுபதை ஒட்டிய முதியோர்க்கோ அத்தடை வேறு. கால்களில் வலிமை உள்ள ஆண்டுகள் இன்னும் எத்தனை என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். நோயின் அச்சமும் முற்றும் நீங்கவில்லை. "இனிப் போதும், கண்ட நாடுகளே மிகுதி" என்று அமைந்திருந்தால் அவர்களை எவரும் குறைகூறியிரார். எனினும் அவர்கள் அமையவில்லை. தடைகள் தளர்ந்து, சில நாடுகளோடு மட்டும் தனி உடன்பாட்டின்படி வானூர்திகள் சென்றுவந்த காலத்தில், ரஷ்யாவிற்குச் செல்ல முடிவு செய்தனர். அவர்கள் புறப்படுமுன் கேரள அரசின் சுற்றுலா அமைச்சர் முகமது ரியாஸ் கடைக்கே வந்து அவர்களோடு உரையாடினார். பல நாடுகளைக் கண்டு தேர்ந்த அம்முதியோரின் கருத்தை அவர் கேட்டறிந்தார்.

2021-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அவ்விருவரும் ரஷ்யாவிற்குச் சென்றனர். ஏறத்தாழ ஈராண்டு இடைவெளிக்குப்பின் அவர்கள் மேற்கொண்ட முதல் அயல்நாட்டுச் செலவு அது; அவர்கள் கண்ட 26-ஆம் நாடும் அதுவே. வெப்பமும் மழையும் மிக்க கடற்கரை நகரில் ஆண்டு முழுதும் அடுப்பருகே நின்றவர்கள், இலையுதிர்காலத்துக் குளிர் மிகத் தொடங்கிய வடநாட்டில் கம்பளி உடை பூண்டு நடந்தனர். ஏறத்தாழ ஒரு கிழமை கழித்து ஊர் திரும்பினர்.

திரும்பிய ஒரு திங்கள் முடியுமுன், 2021 நவம்பர் 19-ஆம் நாள், விஜயன் மாரடைப்பால் காலமானார். ஸ்வீடன், டென்மார்க், நார்வே முதலிய நாடுகளையும் காண வேண்டும் என்று அவ்விருவரும் முன்னரே கூறியிருந்தனர். அவ்விருப்பம் அவர் வாழ்நாளில் நிறைவேறவில்லை. ஆயினும், ரஷ்யப் பயணத்தை அடுத்த ஆண்டிற்கு ஒத்தி வைத்திருப்பாராயின், இருவரும் ஒருங்கே கண்ட இறுதி நாடு என ஒன்று அவ்வாண்டில் இருந்திராது. துணைவியுடன் கழித்த அவ்வொரு கிழமை, தக்க பொழுதில் எடுத்த துணிவின் பயனாகும்.

தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா 2019-ஆம் ஆண்டிலேயே இவர்களைப் பாராட்டி எழுதினார். இவர்கள் பெருஞ்செல்வர் பட்டியலில் இடம்பெறாவிடினும், நாட்டின் உண்மைச் செல்வருள் எண்ணத்தக்கவர் என்பது அவர் கருத்து. அக்கருத்து முற்றும் பொருந்தும். பொருளைச் சேர்த்தவர் பலர். அதனை எதற்கெனச் சேர்க்கிறோம் என்பதை அறிந்து சேர்த்தவர் சிலரே. நாள்தோறும் 300 ரூபாயை எடுத்து வைக்கும்பொழுதே விஜயனும் மோகனாவும் அப்பணம் செல்லும் வழியை அறிந்திருந்தனர். சேமித்த பணமும் சென்ற பயணமும் ஆகிய இருவகைச் செலவும் அவர்கள் வாழ்வில் ஒன்றாயின.

மாணவர் யாவரும் அயல்நாடு செல்ல வேண்டும் என்பதன்று இவர்கள் வரலாறு கற்பிப்பது. உள்ளத்தில் நல்ல விருப்பம் ஒன்று இருப்பின், அதற்குரிய பொருளை இன்றைய உழைப்பில் தேட வேண்டும். தடை வந்தால் பொறுத்திருக்க வேண்டும். தடை நீங்கியபொழுது தயங்காது எழ வேண்டும். தேநீர் ஆற்றிய கைகள் இதனைச் செய்து காட்டின.