ஐம்பதிலும் வரலாறு படிக்கலாம்!

• 50 வயது நிறைந்த சிங்கப்பூரர்களுக்கு, மூத்தோர் கற்றலுக்கான நேஷனல் சில்வர் அகாடமி வகுப்புகளில் கட்டணச் சலுகை உண்டு. 25 வயது நிறைந்தவர்கள் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் அரசு வழங்கிய தொகையை அங்கீகரிக்கப்பட்ட வகுப்புகளுக்குப் பயன்படுத்தலாம். சேருமுன் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

• வரலாற்றின் முதல் பாடம் தேக்கா வட்டாரத்திலேயே இருக்கிறது. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்ற பெயர்ப் பலகைகளைப் பாருங்கள். கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. இங்கே நடந்த கால்நடை வணிகத்தின் தடம் அது.

• கேம்பல் லேனில் 2015-இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தை அவசரமின்றிச் சுற்றிப் பாருங்கள்.

• 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு நாளிதழின் பழைய இதழ்களைத் தேசிய நூலகத்தில் தேடிப் படியுங்கள்.

• வீட்டுப் பெரியவர்களின் நினைவுகளைக் கைப்பேசியில் இன்றே பதிவுசெய்யுங்கள். நாளைய வரலாறு அதுதான்.