நகரப் பேருந்தின் கியர் மாற்றமும் கணினி அளவுகளும்

மேற்கு தில்லியில் உள்ள ஜனக்புரியைக் கடந்து பங்கா சாலையிலோ வெளிவட்டச் சாலையிலோ காலை வேளையில் செல்லும் நகரப் பேருந்து, ஓடும் நேரத்தைவிட நின்று புறப்படும் நேரமே அதிகம் என்று தோன்றும். ஒவ்வொரு நிறுத்தத்திலும், ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அது முதல் கியருக்குத் திரும்பி, மீண்டும் இரண்டு, மூன்று எனப் படியேற வேண்டியுள்ளது. முன்பு இவ்வேலை முழுவதும் ஓட்டுநரின் இடது காலையும் இடது கையையும் சார்ந்திருந்தது. உச்ச நீதிமன்றத்தின் 1998 ஜூலை 28ஆம் நாள் ஆணையைத் தொடர்ந்து தில்லிப் பேருந்துகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறின. அதன் பின்னர் 2008ஆம் ஆண்டையொட்டி டாட்டா, அசோக் லேலண்டு நிறுவனங்களின் தாழ்தளப் பேருந்துகள் பெருமளவில் வரத் தொடங்கியபோது, தானியங்கி கியர் பெட்டியும் அவற்றுடன் வந்தது. கால் செய்த வேலையை எண்ணெய் அழுத்தமும், மனம் செய்த வேலையைக் கணினியும் ஏற்றுக்கொண்டன.

இம்மாற்றத்தைப் பொறியியல் செய்தியாக மட்டும் கருதுவது வழக்கம். ஆயினும் கணினியில் பதிந்துள்ள ஒவ்வோர் அளவும் செலவு பற்றிய ஒரு தீர்மானமாகும்; அச்செலவை யார் ஏற்பது என்பது பற்றிய தீர்மானமும் ஆகும்.

அழுத்தம்

தானியங்கிப் பெட்டியினுள் பல கிளட்ச் அடுக்குகள் உள்ளன. ஒவ்வோர் அடுக்கிலும் உராய்வுத் தகடும் எஃகுத் தகடும் மாறி மாறி அமைந்து எண்ணெயில் மூழ்கியிருக்கும். கியர் மாறுகையில் ஓர் அடுக்கு விடுபட, மற்றோர் அடுக்கு இறுகுகிறது. இறுக்குவது எண்ணெய் அழுத்தம். பெட்டிக்குப் பெட்டி வேறுபடினும் ஏறத்தாழ 5 முதல் 20 பார் வரை அது அமையும். அடுக்கு எவ்வளவு முறுக்கு விசையைத் தாங்கும் என்பது அழுத்தம், தகடுகளின் எண்ணிக்கை, அவற்றின் ஆரம், உராய்வுத் தன்மை ஆகியவற்றைப் பொறுத்தது. இவற்றுள் வண்டி ஓடும்போது விருப்பப்படி மாற்றத்தக்கது அழுத்தம் ஒன்றே.

அழுத்தம் குறைந்தால் தகடுகள் நெடுநேரம் வழுக்கி உரசும். மாற்றம் மென்மையாக இருக்கும்; பயணி எதையும் உணரமாட்டார். ஆனால் எஞ்சின் தந்த ஆற்றலின் ஒரு பகுதி தகட்டில் வெப்பமாகிறது. எண்ணெய் கருகுகிறது, தகடு பளபளப்பேறிப் பிடிமானம் இழக்கிறது. அழுத்தம் மிகுந்தாலோ மாற்றம் நொடிப்பொழுதில் முடியும், தகடு பிழைக்கும். ஆனால் அதிர்ச்சி அச்சுத்தண்டு, இணைப்புகள், எஞ்சின் தாங்கிகள் ஆகியவற்றைத் தாக்கும். நிற்கும் பயணியையும் அது தாக்கும். கைப்பிடி எட்டாத முதியவர் ஒருவருக்கு அரை நொடியில் முடியும் மாற்றத்திற்கும் அதற்குப் பாதி நேரத்தில் முடியும் மாற்றத்திற்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று.

இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி உண்டு. மாற்றம் நிகழும் கணத்தில் கியர் பெட்டியின் கணினி எஞ்சினின் கணினியிடம் முறுக்கு விசையைச் சற்றே குறைக்குமாறு கேட்கிறது. எரிவாயு எஞ்சினில் தீப்பொறி எழும் நேரத்தைப் பின்தள்ளியும், டீசல் எஞ்சினில் எரிபொருளைக் குறைத்தும் இது நிறைவேறுகிறது. எனவே டீசல் எஞ்சினுக்கென எழுதப்பட்ட அளவுகளை எரிவாயு எஞ்சினுக்கு அப்படியே பெயர்ப்பது பொருந்தாது.

நேரம்

எந்த வேகத்தில் மேல் கியருக்குச் செல்வது, எப்போது கீழிறங்குவது என்பது இரண்டாம் வினா. ஆக்சிலரேட்டரின் நிலையையும் வண்டியின் வேகத்தையும் கொண்ட ஓர் அட்டவணை இதனைத் தீர்மானிக்கிறது. முன்கூட்டியே மேலேறினால் எஞ்சின் மெதுவாகச் சுழன்று எரிபொருள் மிஞ்சும். ஆனால் நிறைந்த பேருந்து மேம்பாலம் ஏறும்போது அதே அட்டவணை இடர் தரும். பெட்டி மேலேறி, வலுவிழந்து, கீழிறங்கி, மீண்டும் மேலேறும். இதைத் தவிர்க்கவே கீழிறங்கும் வேகம் மேலேறும் வேகத்தைவிடக் குறைவாக வைக்கப்படுகிறது. இடைவெளி போதாவிடில் வண்டி அலைபாயும், மிகுந்துவிட்டால் சோம்பும்.

ஓர் உதாரணக் கணக்கைக் காண்போம். பேருந்து நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர் ஓடி, கிலோமீட்டருக்கு இருமுறை நின்று, ஒவ்வொரு முறையும் மூன்று மேல் மாற்றங்கள் செய்வதாகக் கொள்க. நாளொன்றுக்கு 1,200 மாற்றங்கள். ஆண்டுக்கு 300 நாட்களில் 3,60,000. ஒரு மாற்றத்தில் கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு, இத்தொகையால் பெருக்கப்படும்போது பணிமனையின் செலவுக் கணக்கில் தெரியத் தொடங்கும்.

கற்கும் கணினி

1939இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஹைட்ராமேடிக் பெட்டியை அறிமுகம் செய்தபோது இவையனைத்தையும் வில்களும் வால்வுகளும் செய்தன. இன்றைய கணினி அதனினும் ஒரு படி மேலே செல்கிறது. உட்செல்லும் தண்டின் வேகத்தையும் வெளிவரும் தண்டின் வேகத்தையும் ஒப்பிட்டு, மாற்றம் எவ்வளவு நேரம் எடுத்தது என அளந்து, அடுத்த முறைக்கான அழுத்தத்தைத் தானே திருத்துகிறது. தகடு தேயத் தேய அழுத்தம் கூடுகிறது.

பணிமனைகளில் பலமுறை மறக்கப்படுவது இதுவே. தேய்ந்த தகடுகளை மாற்றிப் புதியன பொருத்தியபின் பழைய கற்றலை அழிக்காவிட்டால், கணினி புதிய தகட்டையும் பழையதாகவே நடத்தும், வண்டி உதறும். பழுது சரியாகவில்லை என்று பெட்டி மறுபடியும் இறக்கப்படும். அழித்தபின் மிதமான ஆக்சிலரேட்டரில் சிறிது தூரம் ஓட்டி மீண்டும் கற்பிக்க வேண்டும் என்பது அரைநாள் வேலைதான்.

கணினி எல்லாவற்றையும் சமாளிக்கும் என்பதும் சரியன்று. 1989இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் வெளியிட்ட ஏ604 பெட்டி, தானே கற்கும் கட்டுப்பாட்டுக்கு முன்னோடிகளுள் ஒன்று. அதில் உரியதல்லாத எண்ணெய் ஊற்றப்பட்டபோது உராய்வுத் தன்மை மாறி நடுக்கமும் தேய்மானமும் தோன்றின. நிரலைப் பலமுறை திருத்த நேர்ந்தது. கொள்முதலில் எண்ணெயின் விலையை மட்டும் ஒப்பிடும் அலுவலர்கள் இதனைக் கருத்திற்கொள்ளலாம். தில்லியின் கோடையில் 45 பாகை செல்சியஸ் எட்டும் வெயிலும் எண்ணெய் குளிரும் வழியைக் குறுக்குகிறது.

திறவுகோல் யாரிடம்?

அளவுகளை மாற்றும் மென்பொருள் இன்று தனியார் பட்டறைகளிலும் கிடைக்கிறது. கார் உரிமையாளர் சிலர் விறுவிறுப்பை விரும்பி அழுத்தத்தைக் கூட்டுகின்றனர். பெட்டி எவ்வளவு தாங்கும் எனத் தெரிந்து சிறிதளவு கூட்டினால் தகட்டுக்கு நன்மையும் உண்டு. தெரியாமல் கூட்டுவோர் தேய்மானத்தைக் குறைப்பதில்லை. அதை வேறோர் உறுப்புக்கு இடமாற்றம் செய்கின்றனர்.

பொதுப் போக்குவரத்தில் வினா வேறுவகைப்பட்டது. பராமரிப்பு ஒப்பந்தம் உற்பத்தியாளரிடம் உள்ளவரை, கிளட்ச் தகட்டின் செலவு அவருடையது. டீசலோ எரிவாயுவோ கழகத்தின் செலவு. உதறலின் சுமை பயணியுடையது. அளவுகளை எழுதுபவர் இம்மூன்றுள் ஒன்றை மட்டுமே சுமக்கிறார். ஒப்பந்தம் முடிந்தபின் தகடும் கழகத்தின் கணக்கில் சேரும். ஆனால் அட்டவணையைத் திறக்கும் கருவியும் கடவுச்சொல்லும் அப்போதும் உற்பத்தியாளரிடமே இருக்கக்கூடும். ஆகவே ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே, கற்ற அளவுகளைப் படிக்கும் உரிமை, நிரலின் பதிப்பு எண், எண்ணெயின் தர விவரம், கற்றலை அழிக்கும் கருவி ஆகியவற்றைக் கேட்டுப் பெறுவது பயன் தரும். விலைப்பட்டியலில் இவற்றுக்குத் தனி வரி இருப்பது அரிது.

2022 முதல் தில்லிச் சாலைகளில் மின்சாரப் பேருந்துகள் பெருகி வருகின்றன. நகர மின்பேருந்துகள் பெரும்பாலானவற்றில் மாற்றுவதற்குக் கியரே இல்லை. எனினும் மிதித்தவுடன் முறுக்கு விசை எவ்வளவு விரைவில் எழவேண்டும், காலை எடுத்தவுடன் மோட்டார் எவ்வளவு இழுத்துப் பிடித்து மின்சாரத்தை மீட்கவேண்டும் என்பன அவற்றிலும் கணினியில் எழுதப்பட்ட எண்களே. மீட்பு மிகுந்தால் மின்கலத்துக்கு ஆதாயம்; நின்றுகொண்டிருப்பவர் முன்னோக்கிச் சாய்வார்.