இரத்த நோயாளிகளும் காசநோய்த் தடுப்பும்

காசநோய்க் கிருமி உடலில் புகுந்தவர் அனைவரும் நோயாளியாவதில்லை. எதிர்ப்பாற்றல் குன்றாதவரை கிருமி அடங்கிக் கிடக்கும். இரத்தப் புற்றுநோயும், அதற்குத் தரப்படும் மருந்துகளும் அவ்வாற்றலைக் குறைக்கின்றன. அடங்கிய கிருமி மீண்டும் பெருகுவதற்கு இதுவே வழியாகிறது.

கொச்சி நகரின் மட்டாஞ்சேரி, நெருங்கிய வீடுகளும் நறுமணப் பொருள் கிடங்குகளும் கொண்ட பழைய வணிகப் பகுதி. காற்றோட்டம் குறைந்த நெருக்கமான இருப்பிடங்களில் காசநோய் எளிதில் பரவும். இத்தகைய பகுதியிலிருந்து எர்ணாகுளத்துக்கோ களமசேரிக்கோ சென்று சிகிச்சை பெறும் இரத்தப் புற்றுநோயாளிக்குக் காய்ச்சலும் எடைக்குறைவும் தோன்றினால், அவை பழைய நோயின் அறிகுறிகளாகவே கருதப்பட்டுவிடக்கூடும். காசநோய்க்கான தோல் சோதனையும் இத்தகையோரிடம் தொற்றைக் காட்டாமற்போகலாம்.

இரத்த மூல உயிரணு மாற்றுச் சிகிச்சைக்கு ஆயத்தமாவோரை முறையாகச் சோதித்து, தொற்று இருப்பின் மருந்தளிக்குமாறு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இந்திய அரசின் 2021ஆம் ஆண்டு நெறிமுறைகளும் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் சிகிச்சை பெறுவோரைக் கருத்திற் கொள்கின்றன. ஐசோனியாசிட் மருந்தை நாள்தோறும் 6 மாதங்கள் உட்கொள்வது தடுப்பு முறைகளுள் ஒன்று. ஆயினும், காசநோய் ஏற்கெனவே வெளிப்பட்டுள்ளதா என்பதை முதலில் ஆராய வேண்டும். வெளிப்பட்ட நோய்க்கு ஒரே மருந்தைத் தருவது, அம்மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளைப் பெருக்கும்.

ஆகவே, புற்றுநோய்ப் பிரிவும் காசநோய்ப் பிரிவும் இணைந்து செயற்படுதல் இன்றியமையாதது. சிகிச்சை தொடங்குமுன், வீட்டில் எவருக்கேனும் காசநோய் இருந்ததா என வினவுவதற்குச் செலவில்லை; வினவாது விடுவதன் இழப்போ ஓர் உயிராகவும் இருக்கலாம்.