நம்பிக்கையும் கோட்பாடும்

திருவேங்கடவனின் மலையடிவாரத்தில் உள்ள திருப்பதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் பள்ளி ஒன்று நடைபெற்று வந்தது. 1896 முதல் 1900 வரை அதில் பயின்றவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அவர் பிறந்த திருத்தணி, பின்னாளில் சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்து 1960-இல் தமிழகத்துடன் இணைந்த ஊர். வீதியில் கோவிந்த நாமம், வகுப்பறையில் விவிலியம் என்ற சூழலில் வளர்ந்த அவர், வேலூரில் படித்தபின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவ மாணவரானார்.

சுவாமி விவேகானந்தரின் சொற்களால் எழுச்சி பெற்றிருந்த தம் உள்ளம், மிஷன் கல்வி நிலையங்களில் இந்து சமயம் நடத்தப்பட்ட விதத்தால் புண்பட்டது என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். அந்த வேதனை வெறுப்பாக முடிந்திருக்கலாம். ஆனால் அது ஆராய்ச்சியாக மலர்ந்தது.

அக்கல்லூரியில் அவருக்குத் தத்துவம் கற்பித்தவர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக். ஸ்காட்லாந்து நாட்டு மரபினரான இவர் 1903-இல் சென்னைக்கு வந்தார். பரிணாமக் கொள்கையும், விவிலியத்தைப் பற்றிய வரலாற்று ஆய்வும் ஐரோப்பாவில் பழைய இறையியலை உலுக்கிய காலம் அது. எடின்பரோவில் மாணவராக இருந்தபோது ஹாக்கும் ஐயங்களால் அலைக்கழிக்கப்பட்டார். அவர் கண்ட தெளிவு இது: இறைவனிடம் மனிதன் கொள்ளும் நம்பிக்கை வேறு, அதை விளக்க அறிவு அமைக்கும் கோட்பாடுகள் வேறு. தாயைப் பற்றிய விளக்கங்களைக் கற்ற பிறகா குழந்தை அவளை நம்புகிறது? வளர வளர அதன் அறிவு மாறுகிறது; நம்பிக்கையோ ஆழமாகிறது. அதுபோல, காலத்திற்கேற்பக் கோட்பாடு திருத்தம் பெறுவதால் நம்பிக்கை அழிவதில்லை.

1909-இல் நூலாக வெளிவந்த 'கர்மமும் மீட்பும்' என்ற ஆய்வில், கர்ம நியதி உலகை ஒரு நீதிமன்றமாகக் காண்கிறது என்று அவர் வாதிட்டார். துன்பம் அனைத்தும் தீர்ப்பே என்றால், பிறருக்காகத் தாமே துன்பம் ஏற்பவரின் அன்புக்கு என்ன பொருள் என்பது அவர் வினா. இதே அளவுகோலைத் தம் சமயத்தின்மீதும் வைத்தார். கிறிஸ்துவின் மரணத்தை வெறும் தண்டனைக் கணக்காகக் கருதும் பழைய விளக்கத்தை அவர் ஏற்கவில்லை.

வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்கு விடையாக ராதாகிருஷ்ணன் எழுதிய ஆய்வுரை 1908-இல் வெளிவந்தது. தம் கருத்துக்கு மாறுபட்ட அந்த ஆய்வை ஹாக் மனமாரப் பாராட்டினார். 1926-இல் ஆக்ஸ்ஃபோர்டில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் ராதாகிருஷ்ணன் கர்மத்தைச் சீட்டாட்டத்துடன் ஒப்பிட்டார். கைக்கு வந்த சீட்டுகள் பழவினை. ஆடும் விதம் நம் சுதந்திரம். விமர்சனம் இல்லையேல் இவ்விளக்கம் இத்தனை கூர்மை பெற்றிருக்குமா?

1938 டிசம்பரில் தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியது. கிறிஸ்துவின் வெளிப்பாட்டுக்கும் பிற சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சியில்லை என்ற ஹென்ட்ரிக் கிரேமரின் கொள்கை அங்கு விவாதிக்கப்பட்டது. பிற சமயத்தவரிடமும் உண்மையான, உயிருள்ள நம்பிக்கை உண்டு என்று ஹாக் அதை மறுத்தார்.

ஆசிரியர் கிறிஸ்தவராகவே வாழ்ந்தார். மாணவர் இந்துவாகவே வாழ்ந்தார். ஆயினும் தம் சமயத்தில் உயிருள்ளது எது, உயிரற்றது எது என்று இருவருமே ஆராய்ந்தனர். நம் நெறியைப் பிறர் குறைகூறும்போது சினம் எழுவது இயல்பு. அப்போது சாதகன் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றே: புண்பட்டது என் இறைநம்பிக்கையா, அல்லது நான் பற்றிக்கொண்டிருக்கும் ஒரு விளக்கமா? விளக்கம்தான் எனில், அதை ஆராய அஞ்ச வேண்டியதில்லை.